இடது அக்குளில் ஒரு வெளிச்சம்

பிப்ரவரி 5, புதன்

காலையில் நல்ல பனி. வீட்டுக்கும் முதல் ஷெட்டுக்கும் நடுவே நிற்கும் வேப்பமரம்கூடத் தெரியவில்லை. கோழிச் சத்தம் மட்டும்.

நேற்றே எழுத உட்கார்ந்தேன், பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்று எழுதிவிட வேண்டும். வலது தொடைக் கட்டியில் சதை எடுத்து அனுப்பியிருந்ததற்கு ரிசல்ட் வந்துவிட்டது. சார்கோமா. கேன்சரில் ஒரு வகை. சதை, கொழுப்பு இவற்றில் முளைப்பதாம். எல்லோருக்கும் வருவதில்லையாம். ‘ரொம்ப அபூர்வம்மா இது’ என்றார் டாக்டர். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் என் விஷயத்தில் அபூர்வம் என்கிறார். இவர், என் வீட்டுக்காரர், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், காதில் விழுந்திருக்கும்.

ஆடியில் நெல்லிக்காய் அளவு. முட்டை வண்டி இடித்த வீக்கம் என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்கு எலுமிச்சை. பொங்கலுக்கு உட்கார்ந்தால் உறுத்தல். வலி மட்டும் இல்லை, அதுதான் ஏமாற்றியது. வலித்திருந்தால் போயிருப்பேன்.

டா. சொன்னது, மறப்பதற்குள்:

– அடுத்து பெட் ஸ்கேன். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை.

– சர்க்கரை மாதிரி ஒரு மருந்து, அதில் கொஞ்சம் கதிர்வீச்சு சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். கேன்சருக்குச் சர்க்கரைப் பசி அதிகம். மருந்து எங்கே போய்ச் சேருகிறதோ அந்த இடம் படத்தில் எரியும்.

– தொடை மட்டும் எரிந்தால் ஆபரேஷன். சுற்றியுள்ள சதையோடு எடுத்துவிடலாம். குணமாக வழி உண்டு.

– வேறு எங்காவது எரிந்தால்

இந்த வரியை அவரும் முடிக்கவில்லை. நான்தான் விடாமல் கேட்டேன். ‘அப்படின்னா கால்ல ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லம்மா. மருந்து குடுத்துக் கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம்.’

கொஞ்ச காலம். இவர் கார்ச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார். பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

மகள் திவ்யா எடப்பாடியில், மாமியார் வீட்டில். ஏழாம் மாதம். இந்த மாதக் கடைசியில் கட்டுச்சோறு. ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து முடித்து, அவளைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர வேண்டும். அதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியக் கூடாது.

‘கம்முனு இருக்கோணும், தெரியுதுங்களா?’ என்றேன் இவரிடம்.

‘நான் எப்பப் புள்ள வாயத் தொறந்தேன்?’ என்றார். அதுவும் சரிதான்.

பிப்ரவரி 6, வியாழன்

தீவன லாரி. மூன்றாம் ஷெட்டில் தண்ணீர்க் குழாய் அடைப்பு. பகல் முழுக்கக் கட்டியைத் தொட்டுப் பார்க்காமல் இருந்தேன். சாயங்காலம் தொட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாளைக்கு ஸ்கேன். இன்று வேலை செய்யக் கூடாது, அதிகம் நடக்கவும் கூடாது. வேலை செய்த தசையும் சர்க்கரை தின்னுமாம், படம் குழம்பிவிடுமாம். சோறு, பழம், இனிப்பு வேண்டாம். ‘முட்டை எடுத்துக்கலாம்மா, நல்லது’ என்றாள் போனில் பேசிய பெண். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரிக்கு முட்டை தின்னச் சொல்லித் தருகிறாள்.

கட்டிலில் படுத்தபடி அதிகாரம் செய்தேன். முட்டை பொறுக்கும் செல்வி ஜன்னலில் எட்டிப் பார்த்து, ‘நீங்க படுத்திருக்கறதப் பாத்தா கோழிக்கே பயமா இருக்குதுக்கா’ என்றாள். நன்றாகச் சிரித்தேன். அவள் போன பிறகு கொஞ்சம் அழுகை.

ரோட்டில் காலையிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள். நாளை மறுநாள் பூசம். பச்சை வேட்டி, அரோகரா, பின்னால் ஒரு டெம்போவில் ஸ்பீக்கர். இவர் வருஷம் தவறாமல் நடப்பவர். மாலைகூடப் போடவில்லை இந்த வருஷம். ‘ஒரு நாளாச்சும் கூட நடந்துட்டு வாங்களேன், வேண்டிக்கலாமில்ல’ என்றேன்.

‘எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?’

என்ன பேச்சு இது என்று கேட்பதற்குள் எழுந்து போய்விட்டார். நோய் எனக்கு, முகம் சுண்டுவது இவருக்கு.

பிப்ரவரி 10, திங்கள்

ஸ்கேன் முடிந்தது. சேலம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம். வெறும் வயிறு, வாயில் கசப்பு.

காத்திருந்த இடத்தில் ஒரு பெரியவர் மகனிடம்: ‘உள்ளார லைட்டுப் போட்டுப் பாப்பாங்களாடா?’ மகன்: ‘லைட்டே நீதாம்ப்பா.’ அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். வலது கையில் குழாய் செருகினார்கள். மருந்து கனமான ஒரு ஈயப் பெட்டியில் வந்தது. கொண்டுவந்த பெண் ஊசியை ஏற்றியதும் சட்டென்று வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். என் உடம்பை விட்டு ஓடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ‘ஒரு மணி நேரம் பேசக் கூடாதுக்கா. போன் வேண்டாம். அசையாமப் படுங்க. குளுந்தாச் சொல்லுங்க, கம்பளி தாரேன்.’

பேசக் கூடாது என்றதும் பேச எவ்வளவு இருக்கிறது! தி. பிறந்தபோது மழை. அவள் வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால் நல்லது. ஐந்து சோற்றில் புளிச்சோறு நான்தான் கிளற வேண்டும், யாரிடமும் விடக் கூடாது. சர்க்கரை இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது? தொடையிலேயே நின்றுவிடு, வேறு எங்கும் போகாதே என்று அதனோடு பேசினேன். அது பேச்சில் சேராது என்று நினைக்கிறேன்.

அப்புறம் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்கள். வளையம், மெல்லிய இரைச்சல், தோள் வலி. அவ்வளவுதான்.

கிளம்பும்போது அந்தப் பெண், ‘நெறையத் தண்ணி குடிங்க. இன்னிக்கு மட்டும் மாசமா இருக்கறவங்க, சின்னக் கொழந்தைங்க பக்கத்துல போகாதீங்க’ என்றாள். நமக்கென்ன, வீட்டில் அப்படி யாரும் இல்லையே என்று வந்தேன்.

வந்தால் வாசலில் தி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். செல்வி போனில் உளறியிருக்கிறாள்.

‘அங்கயே நில்லு சாமி! கிட்ட வராத!’ என்று காரிலிருந்தே கத்தினேன்.

‘ஏம்மா? என்னாச்சு உனக்கு? என்ன ஸ்கேனு?’

‘சொல்றன். நீ மொதல்ல ஊட்டுக்குள்ள போ.’

‘பெத்தவளப் பாக்க அவ்வளவு தூரத்துல இருந்து வந்தா, உள்ள போங்கறயே!’

நான் முட்டை ரூமுக்குப் போய் அட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக்கொண்டேன். அவள் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி. நடுவில் களம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது, குரல் மட்டும் போனில். எல்லாவற்றையும் சொன்னேன். தூரத்தில் அவள் முந்தானையால் மூக்கைத் துடைப்பது தெரிந்தது.

‘கொழந்த பொறக்கறப்ப நீ இருப்பியாம்மா?’

‘இருப்பன் சாமி.’

எதை வைத்துச் சொன்னேன்? தெரியவில்லை. ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள முடியாத பாவி ஆனேன் இன்றைக்கு. பொழுதோடு இவர் அவளை எடப்பாடியில் விட்டு வந்தார். மாமியார் வீட்டில் சொல்ல வேண்டாம், கட்டுச்சோறு முடியட்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

வெயில் ஆரம்பம்.

டா. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் உடம்பு, சாம்பல் நிறத்தில். மூளையும் மூத்திரப்பையும் எல்லோருக்கும் எரியும், பயப்படாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், நல்ல மனுஷன். தொடையில் பெரிதாக எரிகிறது. அது தெரிந்ததுதான். நுரையீரல் சுத்தம். இந்த நோய் முதலில் ஓடும் இடம் அதுதானாம். ஈரல் சுத்தம். எலும்பு சுத்தம். ஒவ்வொரு சுத்தத்துக்கும் மூச்சு விட்டுக்கொண்டே வந்தேன்.

அப்புறம் அவர் பேனா முனை இடது பக்கம் போனது. அக்குளில் ஒரு வெளிச்சம். இடது கட்டைவிரலில் ஒன்று, சின்னதாக.

‘ஸ்கேனுக்கு ஊசி எந்தக் கைல போட்டாங்க?’

‘வலது கைலங்க.’

‘அப்போ ஸ்கேன் மருந்து கசிஞ்சதாலயும் இல்ல.’ எழுந்து வந்து என் கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தார். தோலுக்கு அடியில் கல் மாதிரி ஒன்று. ‘இது எத்தன நாளா?’

‘தெரீலீங்க. வேலை செய்யற கை, ஏதாச்சும் இருந்துட்டேதான் இருக்கும்.’

‘இந்தக் கைல ஏதாவது தடுப்பூசி போட்டீங்களா? காயம், சீழ், முள்ளுக் குத்தினது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.’

யோசித்தேன். ‘இல்லீங்க.’

இவரைப் பார்த்தார் டா. இவர் தரையைப் பார்த்தார்.

‘இது தொடையில இருக்கறதோட பரவலா இருந்தா நாலாம் ஸ்டேஜும்மா. அப்படித்தான்னு நான் சொல்லல. ஸ்கேன்ல எரியறதெல்லாம் கேன்சர் கிடையாது. அக்குள்ல இருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துட்டுத்தான் ஸ்டேஜ் எழுதுவேன். திங்கக்கிழமை வாங்க.’

அவர் கவனமாகத்தான் சொன்னார். என் காதில் நாலு மட்டும் நின்றது.

வரும்போது ராசிபுரம் தாண்டி இவர் காரை ஓரம் கட்டினார். ஒதுங்கப் போகிறார் என்று நினைத்தேன். மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி சும்மா நின்றார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கூப்பிட்டேன், திரும்பவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

நாலு.

பிப்ரவரி 14, வெள்ளி

இருக்கும்போதே செய்துவிட வேண்டியவை:

– பழைய நூல் புடவைகளைத் துவைத்துக் கிழித்து வைக்க, குழந்தைக்கு.

– தொட்டில் கயிறு புதிது.

– பிரசவ மருந்துச் சாமான் எந்தக் கடையில் என்று செல்வியிடம் சொல்லி வைக்க.

– இவருக்கு ரசம் வைக்கக் கற்றுத்தர. (சிரிப்பு வருகிறது.)

– என் வளையல் இரண்டும் தி.க்கு. இதை யாரிடம் சொல்வது?

புடவையைத் தேவைக்கு மேல் கிழித்துவிட்டேன். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. சாமி மேல் படுவதற்குப் பயமாக இருக்கிறது, எனவே இவர் மேல்.

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வளர்கோழி ஷெட் பக்கம் போவதே இல்லை, என்னவென்று கேட்டால் ‘செல்வி பாத்துக்குவா’ என்கிறார். கோழிக்கு ஊசி போடும் அந்தத் துப்பாக்கி ஊசியை ஆணியில் மாட்டி வைத்திருப்போம். இன்று ஆணி காலி. ‘தூக்கிப் போட்டுட்டேன், பழசு’ என்றார். பழசா! போன வருஷம் வாங்கியது. எனக்கு வந்த நோயில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

முட்டை ரேட் இறங்கிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

காலையில் தடுப்பூசி ஆட்கள் வந்தார்கள், அடுத்த செட் வளர்கோழிக்கு. கேட்டில் இவர் குரல்: ‘வேண்டாமப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.’ அவர்கள்: ‘ஏனுங்ணா, மருந்த ஐஸ்ல வெச்சுக் கொண்டாந்துட்டமே!’ எனக்கு வந்தது ஆத்திரம். நான் சாகக் கிடந்தாலும் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வரலாமா? நானே போய், ‘நீங்க உள்ள போங்க சாமி’ என்று அனுப்பினேன். நானும் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கோழியை ஒருவர் பிடிக்க, ஒருவர் நெஞ்சுச் சதையில் ஊசி போடுவார். பால் மாதிரி வெள்ளை மருந்து, எண்ணெய் கலந்தது, கெட்டி. கொஞ்ச நேரம் கழித்து, கோழி பிடித்துக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

‘பட்டுருச்சுங்களா?’ என்றேன்.

‘லேசாங்க்கா. தெனமும் படறதுதானுங்களே.’ வாளித் தண்ணீரில் கையை முக்கிவிட்டு அடுத்த கோழியைப் பிடித்தார்.

நான் என் இடது கட்டைவிரலைப் பார்த்தேன்.

மார்கழி. இதே ஷெட். ஆட்கள் பாதியில் கிளம்பிவிட்டார்கள், மீதிக் கோழிகளை நாங்களே முடித்துவிடலாம் என்று நான் பிடிக்க, இவர் ஊசி போட்டார். ஒரு கோழி சிறகை அடித்துத் துள்ளியது. ஊசி என் கட்டைவிரலில். மூன்று நாள் கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. சுடுதண்ணீர், மஞ்சள். அப்புறம் மறந்துவிட்டேன். சுத்தமாக மறந்துவிட்டேன். கோழிப்பண்ணையில் ஊசி குத்துவது அடுப்படியில் சூடு படுவது மாதிரி, அதை யாராவது காயம் என்று டாக்டரிடம் சொல்வார்களா?

காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இவர் சமையலறையில் நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

‘ஏனுங்க, நெனப்பிருக்குதுங்களா? மார்கழில என்ற கட்டவெரல்ல ஊசி…’

‘நாந்தான் குத்துனேன்’ என்றார்.

அக்குளில் எரிந்தது இதனால்தானோ என்று நான் சந்தோஷமாகச் சொல்ல வந்தவள். இவர் முகம் பேயறைந்த மாதிரி. அப்போதுதான் புரிந்தது.

‘டாக்டர் கேக்கறப்பவே நெனப்பு வந்துச்சுங்களா உங்களுக்கு?’

தலையை ஆட்டினார்.

‘அப்பறம் ஏனுங்க சொல்லல?’

‘எப்படிப் புள்ள சொல்லுவன்? கோழி மருந்த உன்ற ஒடம்புல நாந்தான் ஏத்தி உட்டேன்னு அந்தாளு முன்னால எப்படிச் சொல்லுவன்? அதுக்கு முன்னால அது சும்மா கட்டி. ஊசி பட்ட மறு மாசம் கேன்சருங்கறாங்க. நாந்தான உன்னக் கொன்னேன்?’

‘கட்டி ஆடில வந்துச்சுங்க! ஊசி மார்கழில பட்டுச்சு! மார்கழி என்ன ஆடிக்கு முன்னாலயா வருது?’

‘எனக்கென்ன தெரியும்’ என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். தி. கல்யாணத்தில்கூட அழாத ஆள்.

இரக்கம் வரவில்லை. எழுதி வைக்கிறேன், வரவில்லை. புதன்கிழமையிலிருந்து நான் நாலு நாலு என்று செத்துக்கொண்டிருக்கிறேன், புடவை கிழிக்கிறேன், வளையலுக்கு ஆள் தேடுகிறேன். இந்த மனுஷன் பக்கத்துக் கட்டிலில் வாயைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். ‘நான் செத்தாலும் பரவால்ல, உங்க தப்பு வெளிய தெரியக் கூடாது, அப்படித்தானுங்களே?’ என்று கேட்டேன். மேடையில் இருந்த ஓர் அட்டை முட்டையைத் தள்ளிவிட்டேன். அவ்வளவும் போச்சு. இவர் குனிந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார், அழுதுகொண்டே. அதைப் பார்க்க இன்னும் கோபம்.

பிறகு சோறு போட்டேன். சாப்பிட்டார்.

ஒன்று. ஊசி குத்தியது நிஜம். அதனாலேயே அக்குளில் இருப்பது கேன்சர் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் இருக்கலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

சேலம். ‘நீங்களே சொல்லுங்க’ என்று வழியெல்லாம் இவரிடம் சொல்லிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் இவர் ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டார். நானே சொன்னேன்.

டா. பேனாவைக் கீழே வைத்தார். ‘எண்ணெய் கலந்த மருந்தா? அந்தப் பாட்டில் இருக்கா?’ நல்லவேளை, நேற்று வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன காலி பாட்டிலைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். படித்துப் பார்த்தார். ‘இது மாசக்கணக்குல உள்ளயே கெடக்கும். ஒடம்பு அத எதிர்த்துப் போராடிக்கிட்டே இருக்கும். போராடற செல்லும் சர்க்கரை தின்னும்மா. ஸ்கேனுக்கு ரெண்டும் ஒரே வெளிச்சம்தான்.’

‘அப்ப இது கேன்சர் இல்லீங்களா?’

‘இல்லாம இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா வாய்ப்ப நம்பி நான் கால்ல கத்தி வெக்க முடியாது. சதை எடுத்துப் பாத்துடலாம்.’ அப்புறம் திட்டும் விழுந்தது. இப்படிக் குத்தினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டுமாம், விரலே போய்விடுமாம். ஆட்களிடமும் சொல்லச் சொன்னார். சொல்ல வேண்டும்.

ஸ்கேன் பார்த்தபடியே அக்குளில் ஊசி விட்டு எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டும் கண்ணில் தண்ணீர்.

கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி இவர் திரும்பினார். ‘அதனால வருமுங்களா?’

‘எது?’

‘இந்தக் கேன்சரு.’

‘வராதுங்க. கட்டி அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. உங்க ஊசிக்கும் தொடைக்கும் சம்பந்தமே இல்ல.’

சரி என்று தலையாட்டினார். நம்பவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்குள் வலி. தலை வாரச் செல்வி வந்தாள். இவரோடு பேச்சு இல்லை. காபி மட்டும் வைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

சம்பந்தியம்மா போன். கட்டுச்சோற்றுக்கு எத்தனை பேர் வருகிறீர்கள், பந்தல் போடலாமா, வெயிலாக இருக்கிறதே. ‘போடுங்க, போடுங்க’ என்றேன். வாய் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். நாளைக்கு ரிசல்ட். கேன்சர் என்று வந்தால் ஞாயிற்றுக்கிழமை பந்தலில் எப்படிச் சிரிப்பது என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடி முன்னால். நன்றாக இல்லை.

இவர் களத்தில் உட்கார்ந்து என் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

அக்குளில் கேன்சர் இல்லை.

மறுபடியும் எழுதுகிறேன். இல்லை. எண்ணெய்த் துளிகள், அதைச் சுற்றி வீக்கம், அவ்வளவுதான் அந்தச் சதையில் இருந்தது. கட்டைவிரலிலும் அதேதான் என்றார் டா., அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். தொடை மட்டும். பரவவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

அழவில்லை நான். ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன். கட்டிக்குப் பக்கத்தில் நரம்பு ஓடுகிறதாம். காப்பாற்றப் பார்ப்பார்களாம், முடியாமல் போனால் பாதம் தொங்கும், இழுத்து நடக்க வேண்டும். பிறகு கதிர்வீச்சு. பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், மறுபடி முளைத்திருக்கிறதா என்று. முளைக்காது என்று எழுதித் தர மாட்டார்களாம். கேட்டுப் பார்த்தேன்.

எவ்வளவு சின்ன ஆசைக்கு வந்துவிட்டேன். போன மாதம் நோயே கூடாது என்று வேண்டினேன். இன்று தொடையில் மட்டும் கேன்சர் என்பதற்குக் கும்பிடு போடுகிறேன்.

வெளியே வந்தால் இவரைக் காணோம். படிக்கட்டுப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். ‘வாங்க, ஊட்டுக்குப் போலாம்.’ மூன்று நாள் கழித்து நான் பேசிய முதல் பேச்சு.

‘அன்னிக்கே சொல்லியிருந்தா…’ என்று ஆரம்பித்தார்.

‘சொல்லியிருக்கோணும்’ என்றேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தபோது சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கட்டுச்சோறு நல்லபடியாக முடிந்தது. புளிச்சோறு நானே கிளறினேன், உட்கார்ந்துகொண்டு. பந்தலில் சம்பந்தி வீட்டுத் தறிச் சத்தம் கேட்கவில்லை, இன்று நிறுத்திவிட்டார்களாம் மரியாதைக்கு.

தி. என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். ‘இப்பக் கிட்ட வரலாமா?’ என்றாள். கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓர் உதை. என் இடது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே. வாயை இறுக்கிக்கொண்டேன், பந்தலில் அத்தனை பேர்.

சம்பந்தியம்மா: ‘என்னங்க, நொம்ப எளச்சுட்டீங்க?’

நான்: ‘முட்டை ரேட்டு எளச்சுருச்சுல்லங்க, அதான்.’

தி. சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கையை நசுக்கிவிட்டாள். நாளைக்கு எல்லாம் சொல்லிவிட வேண்டும் அவர்களிடம். அவளைக் கூட்டி வந்தாயிற்று, அடுத்த அறையில் தூங்குகிறாள். ஒரு வயிற்றுக்குள் ஒன்று, ஒரு தொடைக்குள் ஒன்று. இந்த வீட்டில் இரண்டும் வளர்கின்றன.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பச்சை அங்கி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சு. தாலிக்கொடியைக் கழற்றி தி.யிடம் கொடுத்தாயிற்று, கழுத்தில் மஞ்சள் கயிறு. காலில் எந்தப் பக்கம் என்று பேனாவால் அம்பு போட்டிருக்கிறார்கள். தப்பான காலை வெட்டிவிடாமல் இருக்க. பயம்தான். பாதம் அசைகிறதா என்று அசைத்து அசைத்துப் பார்க்கிறேன், அதற்கும் ஞாபகம் இருக்கட்டும் என்று.

மயக்க மருந்து டாக்டர் வந்தாள். சின்னப் பெண். வரிசையாகக் கேள்வி. பல் ஆடுகிறதா? ஆஸ்துமா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? இல்லை, இல்லை, இல்லை.

‘சமீபத்துல ஊசி, காயம் ஏதாவது?’

எல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூலையில் இருந்த ஸ்டூல் தரையில் உரசியது. இவர் எழுந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் நிற்பது போல.

‘நான் சொல்றனுங்க’ என்றார். ‘மார்கழி மாசமுங்க. வளர்கோழி ஷெட்டுல ஊசி போட்டுட்டிருந்தமுங்க. அவ கோழியப் புடிச்சிருந்தா. நாந்தானுங்க குத்துனேன்.’

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாள், பிறகு என்னை. தி. வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் நிறுத்தவில்லை. மருந்தின் நிறம், ஊசியின் நீளம், கோழி எந்தச் சிறகை அடித்தது, நான் எப்படிக் கத்தினேன், டாக்டர் கேட்டபோது எப்படிச் சொல்லாமல் இருந்தார் எல்லாம். இத்தனை வருஷத்தில் இவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.